கப்பலுக்கு எலுமிச்சம்பழம்

திருவரங்குளத்தில் ஒரு ஊரணிக் கரையில்தான் அந்த மினிபஸ் டிரைவரைச் சந்தித்தேன். காக்கிச் சட்டை, மை பூசிய மீசை. பிளைவுட்டில் அவரே செய்த கப்பலை மடியில் வைத்திருந்தார். இருபுறமும் துடுப்புச் சக்கரம், சக்கரத்துக்கு ஒரு மோட்டார், ஓட்டுவதற்கு ரிமோட்.

எந்த வண்டியை எடுத்தாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாராம். கப்பலுக்கும் அதைச் செய்தார். பிறகு படியோரத் தண்ணீரில் அதை இறக்கி, இரண்டு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்.

“அண்ணே, இது கப்பலுண்ணே. பழத்து மேல ஏறாது” என்றேன்.

“சக்கரம்னு இருந்தா பழம் வைக்கணும் சார்.”

இடப்பக்கச் சக்கரம் பழத்தை நசுக்கவில்லை, அள்ளிக்கொண்டது. பழம் சிக்கி அது நின்றுவிட, வலப்பக்கம் மட்டும் சுழன்றது. கப்பல் இடப்பக்கமாகவே வட்டமடிக்க, காற்று அதை நடு ஊரணிக்குத் தள்ளிக்கொண்டு போனது. டிரைவருக்கு நீச்சல் தெரியாது. மீசை வியர்க்க ரிமோட்டை அமுக்கிக்கொண்டே நின்றார். குளித்துக்கொண்டிருந்த ஒருவர்தான் நீந்திப்போய் இழுத்து வந்தார்.

இனிப் பழம் வைக்க மாட்டார் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்தால், பழம் உள்ளே போகாதபடி இரண்டு சக்கரத்துக்கும் கம்பிவலை அடித்திருந்தார்.

“பேசாம பழத்த விட்டுரலாம்லண்ணே?”

“கொறை வண்டியில இருந்துச்சு. பழம் என்ன சார் பண்ணுச்சு?”

பழங்கள் படியோரமே மிதக்க, கப்பல் நேராகப் போனது. வலையால்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் பழம் வைக்காமல் எடுத்த என் ஸ்கூட்டர் இன்றும் இடப்பக்கமாகத்தான் இழுக்கிறது.