சரிகை கட்டிய தூண்டில்

சுவிஸின் ஊஸ்டர் நகரில் மீன்பிடிச் சாமான் கடை ஒன்றில், ஏரிக்கு முதன்முதலாக ஹெக்ட் என்ற வேட்டைமீன் பிடிக்கப்போகும் என் பேத்தி அபி, தூண்டிலில் கட்டும் பொய்மீன்களைத் தெரிவு செய்துகொண்டிருந்தாள்.

"கலங்கல் தண்ணிக்கு ஆரஞ்சு, தெளிஞ்சதுக்கு வெள்ளி, அம்மப்பா. இதைப் பாருங்கோ."

அவள் ஆட்டிய வெள்ளித் தகடு மின்னியதும் நான் பத்து வயதுக்குத் திரும்பிவிட்டேன்.

அன்று ஊரில் அக்காவின் பட்டுப்பாவாடையிலிருந்து ஒரு சாண் சரிகையை வெட்டித் தூண்டிலில் கட்டி, மாமாவின் வள்ளத்துக்குப் பின்னால் இழுத்தேன். வெயில் கடலுக்குள் தூண்தூணாக இறங்கியிருந்தது. அதன் நடுவே என் நீளத்துக்கு ஒரு சீலா மீன் மேலெழுந்து வந்து என்னையே பார்த்தது. மறுகணம் தூண்டிலும் இல்லை, சரிகையும் இல்லை.

வீட்டில் எலி கடித்ததென்று சொன்னேன். உடுப்புப் பெட்டியைப் பூட்டவில்லையென்று அம்மா அக்காவை அடித்தார்.

"எலியிட்டைக் கத்தரிக்கோலும் இருக்கோ?" என்று அக்கா என்னிடம் மட்டும் கேட்டாள்.

களவு வெளிப்பட்டுவிடும் என்பதால் அந்த மீனைப் பற்றி இன்றுவரை எவரிடமும் சொல்லவில்லை.

கடை வாசலில் நின்று, வின்டர்தூரில் இருக்கும் அக்காவுக்கு அழைப்பு எடுத்தேன்.

"அக்கா, அந்தச் சரிகையை வெட்டினது நான்தான்."

"அது அப்பவே தெரியுமடா. என்னத்துக்கு எண்டுதான் தெரியாது."

சொன்னேன். என்னைப் பார்த்த அந்தச் சீலாவைப் பற்றியும்.

"உன்ரை நீளமோ?" என்றாள். "கண் எப்பிடி இருந்தது? வடிவாச் சொல்லு."