இடி மழையும் பலகைக் கேமும்

சூடேறிய பிளாஸ்டிக்கும் வறுபட்ட தேயிலையும் கலந்த ஒரு வாசனை உண்டு. அது மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் கட்டைவிரல்கள் எதையாவது அழுத்தத் தேடும். தேயிலை வாசனை தோட்டத்து ஃபெக்டரியிலிருந்து வரும். பிளாஸ்டிக் வாசனை தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், எங்கள் காம்பராவில் டீவிக்குக் கீழே இருந்த, அண்ணன் பண்டாரவளையில் வாங்கிவந்த பழைய கேம் பெட்டியிலிருந்து வரும். அதனுடன் கிடைத்த ஒரே சீடி, சக்கரப் பலகையில் ஏறிச் சறுக்கும் ஒரு ஸ்கேட்டிங் கேம். எங்களுக்கு அது 'பலகைக் கேம்'.

நான் இப்போது கேம்களைப் பற்றி இணையத்தில் தமிழில் எழுதுகிறவள். அந்தப் பலகைக் கேமுக்கு அண்மையில் இரண்டாம் பாகம் வந்திருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் அதை வாங்கி அனுப்பி, "ஆடிப் பாத்துட்டு உண்மைய எழுது" என்றான். உண்மையை எழுத வேண்டுமானால் முதல் பாகத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதல் பாகத்தில் எங்களுக்கு இருந்த குறை ஒன்றே ஒன்று. ஆடிய இடத்தைச் சேமித்து வைக்கும் 'மெமரி கார்ட்' எங்களிடம் இல்லை. பெட்டி விற்ற கடைக்கார நானாவிடம் அண்ணன் கேட்டபோது, "கார்ட் இல்ல தம்பி. ஒரே இருப்புல ஆடி முடிங்க" என்று சிரித்தாராம். கரண்ட் போனால் திரும்பவும் முதல் கட்டம். அதனால் முதல் கட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஆடுமளவுக்குத் தேறியிருந்தோம், கடைசிக் கட்டம் எப்படியிருக்கும் என்று மட்டும் தெரியாது.

பதுளைப் பக்கத்து ஐப்பசியை அனுபவித்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் பளிச்சென்று வெயில் அடிக்கும். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மலைக்குப் பின்னாலிருந்து இடி உறுமத் தொடங்கும். எங்கள் லயம் முழுவதற்கும் ஒரே மீட்டர், ஒரே மெயின் சுவிட்ச், அதுவும் கடைசிக் காம்பராவில். அங்கே இருந்தவரை நாங்கள் 'மெயின் மாமா' என்றுதான் அழைத்தோம். ஒருமுறை மின்னல் இறங்கி லயத்து டீவிகள் கருகிப்போன நாளிலிருந்து, முதல் இடி கேட்டதும் எழுந்துபோய் மெயினை இறக்கிவிடுவது அவர் தானாக எடுத்துக்கொண்ட வேலை. கேட்டால், "உசுரு பெருசா, ஆட்டம் பெருசா?" என்பார். எங்களுக்கு ஆட்டம்தான் பெரிதாக இருந்தது, ஆனால் அவரிடம் அதைச் சொல்ல முடியுமா?

அந்த ஐப்பசியில் அண்ணனுக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை சரியாகியிருந்தது. திங்கட்கிழமை காலை ரயில். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டான். இன்று முடிக்காவிட்டால் இனி நானும் அவனும் சேர்ந்து அந்தக் கடைசிக் கட்டத்தைப் பார்க்கப் போவதில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்குச் சோற்றை ஊட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசிக்கு முந்திய கட்டத்தில் இருந்தபோது இடி உறுமியது. அண்ணனின் முகம் தொங்கிப்போனது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள் அம்மா. எங்கள் லயத்திலேயே இடிக்கு அதிகம் பயந்தவள் அவள்தான். கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது கண்ணெதிரே மின்னல் ஒரு சவுக்கு மரத்தைப் பிளந்ததைப் பார்த்தவள். இடி கேட்டால் கண்ணாடியைத் துணி போட்டு மூடிவிட்டு, எங்களையும் கட்டிலில் ஏற்றி உட்கார வைப்பாள். அன்று அவள் அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"நீங்க ஆடுங்க. நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கினாள்.

அதற்குப் பிறகு நடந்ததை மெயின் மாமாதான் பல வருடங்கள் லயம் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். அம்மா நேரே அவரிடம் போய், "அண்ணே, எம்மவன் நாளைக்கு கொழும்புக்குப் போறான். மெயின இறக்கிறாதீங்க. எல்லா காம்பராவுலயும் பிளக்க கழட்ட வச்சா போதுமில்ல?" என்று கேட்டிருக்கிறாள். அவர் பதில் சொல்லுமுன்பே காம்பரா காம்பராவாக ஓடி, ஒவ்வொரு கதவையும் தட்டி, டீவியையும் ரேடியோவையும் கழற்ற வைத்திருக்கிறாள். மின்னல் வெட்டும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாளாம்.

இந்த இடைவெளியில் கடைசிக் கட்டம் திறந்தது. பார்த்தால், தண்ணீர் இல்லாத ஒரு நீச்சல் குளம். அதன் வளைந்த சுவர்களில்தான் பலகையை ஏற்றி இறக்கி வித்தை காட்டவேண்டும். எங்களுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? நீச்சல் குளத்தையே நாங்கள் கண்டதில்லை. தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவக் காலி செய்திருப்பது போலத்தான் பட்டது. கழுவி முடித்தால் தண்ணீர் திறந்துவிடுவார்கள். "தண்ணி வர்றதுக்குள்ள அடிண்ணே, சீக்கிரம்" என்று நான் கத்த, அவனும் அதை நம்பிப் பதறிப் பதறி ஆடி முடித்தான். திரையில் எழுத்துகள் ஓடத் தொடங்கிய நேரத்தில் அம்மா நனைந்து நடுங்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சும்மா."

அவ்வளவுதான், பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். கடைசிக் கட்டத்தில் என்ன இருந்தது என்று அவள் கேட்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் அண்ணன் போய்விட்டான்.

இப்போது இரண்டாம் பாகத்துக்கு வருகிறேன். நல்ல கேம், தயங்காமல் சொல்வேன். சக்கரம் சிமெந்தில் உரசும் சத்தம் பல்லைக் கூசவைக்கிறது, விழுந்தால் நமக்கே வலிக்கிறது. குறை ஒன்றுதான். எங்கே விழுந்தாலும் ஒரு பொத்தானை அழுத்தி அதே இடத்திலிருந்து எழுந்துவிடலாம், எல்லாவற்றையும் அதுவே சேமித்துக்கொள்கிறது. எனக்கு அது சப்பென்றிருந்தது. பழைய ரசிகர்களுக்காக அந்தக் காலிக் குளத்தையும் அப்படியே சேர்த்திருக்கிறார்கள். ஹாலிஎலயில் நாங்கள் இப்போது இருக்கும் வீட்டில், நேற்றுப் பின்னேரம் அம்மாவைக் கூப்பிட்டு அதைக் காட்டினேன். அன்றைய கடைசிக் கட்டம் இதுதான் என்றேன்.

அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"தண்ணியில்லாத தொட்டி. இதுக்காடி நான் அன்னிக்கி மழையில வீடு வீடா ஓடுனேன்?"

இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். அந்த லயம் இன்றில்லை. இடித்துவிட்டுத் தனி வீடுகள் கட்டிவிட்டார்கள். மெயின் மாமாவும் இல்லை. அவரவர் வீட்டுக்கு அவரவர் மீட்டர், அவரவர் இடிக்கு அவரவர் பயம். சிரித்து ஓய்ந்தபோது மலைக்குப் பின்னால் உறுமியது. என் கை பழக்கத்தில் பிளக் பக்கம் போயிற்று.

"நீ ஆடு. நான் பாத்துக்கிறேன்" என்றாள் அம்மா.

சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, அடுத்த வீட்டுக்காரர்களிடம் பிளக்கைக் கழற்றச் சொல்லக் கிளம்பிவிட்டாள். இப்போது அதற்கெல்லாம் தேவையில்லைதான். அவள் திரும்பி வருவதற்குள் முடித்துவிட வேண்டுமென்று, பதறிப் பதறிக் குளத்தில் இறங்கினேன்.