மாட்டுத் தீவனமும் ஆபீசர் பிரெட்டும்

எங்கள் தொழிற்சாலையின் வெல்ஃபேர் ஆபீசரைப் போல ஒரு மடையரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எழுபதுகளில், தெலுங்கும் உருதுவும் கலந்து பேசும் நாச்சாரம் பக்கம் ஓர் அரசுத் தொழிற்சாலையில் செம்புக் கம்பிச் சுருள் சுற்றும் வேலை எனக்கு. மெட்டுகுடாவிலிருந்து விடியுமுன் கிளம்பி வரும் எங்களுக்குக் கேண்டீனில் காலையில் ஜொன்ன ரொட்டியும் பப்பு என்கிற பருப்புக் குழம்பும் கிடைக்கும். அந்தச் சோள ரொட்டியைத் தின்றால் மதியச் சங்கு ஊதும்வரை வயிறு வாய் திறக்காது.

மெட்ராஸிலிருந்து மாற்றலாகி வந்த அந்த மனிதர் எங்கள் தட்டை எட்டிப் பார்த்து, "இதென்ன மாட்டுத் தீவனம்?" என்றார். மறுவாரமே ரொட்டி நின்றது. பதிலாக வெள்ளை பிரெட், சிவப்பு ஜாம், பாகு போல ஒரு டீ. நவீன ஊட்டச்சத்தாம். கைதட்டிய அசடுகளும் எங்களில் உண்டு.

பத்து மணிக்கே பசி பிடுங்கியது. கை நடுங்கிக் கம்பி அறுந்தது.

"கைக்கு அக்கா, ஏன் இப்படிப் பசிக்குது? இப்பத்தானே தின்னோம்?" என்பாள் பக்கத்து இருக்கைப் பெண்.

ஒருநாள் அவள் தலைசுற்றி மேசைமேல் சாய்ந்துவிட்டாள். ஆபீசர் ஓடிவந்து குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார். அவள் எழுந்து உட்கார்ந்ததும், "பார்த்தீங்களா!" என்று செத்தவளை உயிர்ப்பித்தவர் மாதிரி சுற்றிலும் பார்த்தார். அவர் போன கொஞ்ச நேரத்தில் அவளுக்கு மறுபடி பசி. மதியம் எல்லாரும் இரு மடங்கு சோறு தின்றுவிட்டு இயந்திரத்தின்முன் தூங்கி வழிந்தோம். அதற்கும் திட்டு எங்களுக்குத்தான்: "சோத்துப் பண்டாரங்கள்!"

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், நீங்க காலையில என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டேன்.

"ஜொன்ன ரொட்டிதான்மா. எனக்கு சுகர் இருக்குல்ல? அது மெதுவாத்தான் செரிக்குமாம். ரத்தத்துல சர்க்கரை குப்புன்னு ஏறாது, சீக்கிரம் பசிக்கவும் பசிக்காதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"அப்போ எங்களுக்கு?"

"உங்களுக்குத்தான் சுகர் இல்லையே!"

சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார். அந்த முகத்தில் வெட்கத்தின் நிழல்கூட இல்லை, அறிவின் நிழலும் இல்லை.

மறுநாளிலிருந்து வீட்டிலேயே ரொட்டி தட்டி டப்பாவில் கொண்டுவந்தோம். கேண்டீன் பிரெட்டைத் தின்று வாசல் நாய்கள் கொழுத்தன. எங்கள் கைநடுக்கம் போனது, கம்பி வீணாவதும் குறைந்தது. அதுவும் தன் ஊட்டச்சத்துத் திட்டத்தின் வெற்றிதான் என்று மேலிடத்தில் சொல்லிப் பதவி உயர்வு வாங்கிக்கொண்டார் மனிதர்.

வழியனுப்பு விழாவில் மாலை போட என்னைக் கூப்பிட்டார்கள்.

"நக்கோ, வேணாம்" என்று சொல்லிவிட்டுச் சுருளைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.