கை நனைக்காத ஓட்டல்கள்

கோயமுத்தூர்ல இருக்கிற பெரிய ஓட்டல் எல்லாம் எனக்கு அத்துபடி. எங்கே கண்ணாடி லிஃப்ட் இருக்குது, எந்த மொட்டைமாடியில உக்காந்தா மருதமலை விளக்குத் தெரியும், எங்கே துணியை வாத்தாட்டம் மடிச்சுத் தட்டுல வெச்சிருப்பாங்க, எது கேட்டாலும் சொல்லுவேன். சாப்பாடு எப்படீன்னு மட்டும் கேக்காதீங்க. ஒரு ஓட்டல்லயும் ஒரு வாய் தின்னதில்லை.

எல்லாம் என்னைப் பொண்ணு பாத்த ஓட்டல்கள்.

எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டுங்க. சம்பந்தம் பேசி முடிவாகாம ரெண்டு வீட்டாரும் ஒண்ணா உக்காந்து கை நனைக்க மாட்டாங்க. காப்பி குடிக்கலாம், தப்பில்லை. பலகாரமோ சோறோ எடுத்து வாயில வெச்சுட்டா, சம்மதம்னு அர்த்தம். அப்புறம் பேச்சு மாத்த முடியாது. முன்னெல்லாம் வீட்டுக்கு வந்து பாத்தாங்க. இப்ப யாருங்க வீட்டுக்கு வர்றாங்க? வாசல்ல புதுக் கார் ஒண்ணு நின்னாப் போதும், போத்தனூர்ல எங்க வீதியே 'என்ன விசேசம்'னு எட்டிப் பாக்கும். தட்டிப் போச்சுன்னா அதுக்கு வேற தனியாப் பதில் சொல்லணும். அதனால ரெண்டு வீட்டாரும் ஓட்டல்ல பாத்துக்கலாம்னு ஆயிருச்சு. வழக்கமும் எங்க கூடவே லிஃப்ட்ல ஏறி வந்திருச்சு.

எனக்கு அந்த இடங்க மேல அப்படியொரு கிறுக்கு. ஜாதகம் பொருந்தியிருக்குதுன்னு அப்பா சொன்னா, பையன் யாருன்னு கேக்கறதுக்கு முந்தி, "எந்த ஓட்டலுங்ப்பா?"ன்னுதான் கேப்பேன். அம்மா தலையில அடிச்சுக்குவாங்க. "கல்யாணம் பண்ணப் போறியா, கரண்டி எண்ணப் போறியா?"ம்பாங்க.

முதல் தடவை அவிநாசி ரோட்டுல. கண்ணாடி லிஃப்ட் மேல ஏற ஏறக் காரும் பஸ்ஸும் சின்னதாகிட்டே போச்சு. நான் கண்ணாடியில மூக்கை ஒட்டி வெச்சுப் பாத்துட்டு நிக்கறேன், அப்பா கம்பியைப் புடிச்சுட்டுக் கண்ணை மூடி நிக்கறார். இன்னொரு இடத்துல விளக்கே இல்லாத மாதிரி அத்தனை மங்கல். பொண்ணு பாக்க வந்தவங்க பொண்ணு மூஞ்சியைப் பாக்க போன்ல டார்ச் அடிச்சாங்க! அட கெரகமேன்னு எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு மாடியில பாதி ஓட்டல், பாதி பார். அப்பா பார் பக்கம் முதுகைக் காட்டி உக்காந்துட்டார். புதினா போட்டு ஒரு ஜூஸ் வந்துச்சு, விளிம்புல எலுமிச்சை சொருகியிருந்தது. அதை மோந்து பாத்துட்டு, "இது அது இல்லியே?"ன்னு மூணு பேருகிட்ட விசாரிச்சுட்டுத்தான் குடிச்சார். குடிச்சு முடிச்சு, "இதுக்கு மோரே தேவலாம்"னார்.

நான் என்ன பண்ணுவேன்னா, மெனுவை எடுத்து முதல் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிப்பேன். பக்கத்து மேசைக்குப் போற தட்டையெல்லாம் கண்ணாலேயே தின்னுபோட்டு, ஒரு ஜூஸோட எந்திரிச்சு வருவேன். வீட்டுக்கு வந்து பட்டுச் சேலையோட தயிர் சோறும் ஊறுகாயும். "உன் காசுல நீயே போய்த் தின்னுட்டு வாயேன்"னு ஆபீஸ்ல கேப்பாங்க. பம்பு கம்பெனியில நல்ல சம்பளம்தான், போலாம்தான். ஆனா என்னை வேண்டாம்னு சொன்ன இடத்துக்குக் காசு குடுத்துப் போறதா? எனக்கும் ரோசம் இருக்குதில்லீங்களா!

வேண்டாம்னு யாரும் மூஞ்சிக்கு நேரா சொல்ல மாட்டாங்க. எங்க ஊர் மரியாதை அப்படி. "கலந்து பேசிட்டு சொல்லியனுப்பறோமுங்க"ம்பாங்க. அவ்வளவுதான், கதை முடிஞ்சது. சில தடவை அவங்க சொல்லியிருக்காங்க, சில தடவை அப்பா சொல்லியிருக்கார். இதுவரைக்கும் என்கிட்ட யாரும் கேட்டதில்லை. முப்பத்தொண்ணு வயசாச்சு, ஒரு வாய் வார்த்தை கேட்டதில்லை.

ஆனி மாசம் காங்கேயத்துல இருந்து ஒரு சம்பந்தம் வந்துச்சு. தேங்காய் எண்ணெய் மில் வெச்சிருக்கறவங்க. அப்பா இல்லாத பையன், அம்மா மட்டும்தான். பாக்க வர்றதுக்கு முந்தி போன்ல ஒரு வாட்டி பேசிக்கட்டும்னு ரெண்டு வீட்டுலயும் விட்டாங்க. அரை மணி நேரம் பேசினோம். என்ன பேசினோம்னு கேட்டா சொல்லத் தெரியாது, சிரிச்சதுதான் நெனப்பிருக்குது. ஓட்டல் டார்ச் கதையைச் சொன்னேன், மனுசன் மூச்சு முட்டச் சிரிச்சார். போனை வெச்சதும் எனக்குத் தெரிஞ்சு போச்சு, இவருதான்னு. அம்மாகிட்ட மட்டும் சொன்னேன். "பேசாத இரு கண்ணு, உங்கப்பா என்ன சொல்றாரோ பாக்கலாம்"னாங்க. இது மட்டும் தட்டிப் போயிரக் கூடாதுன்னு அன்னைக்கு மருதமலை முருகனைக் கும்புட்ட மாதிரி நான் எப்பவும் கும்புட்டதில்லை.

அந்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போன மொட்டைமாடி நான் அதுவரைக்கும் பாத்ததுலயே உசத்தி! பாலக்காட்டுக் காத்து சேலையைத் தூக்கிட்டுப் போகுது. மேக்க மலை நீலமா நிக்குது. பீளமேட்டுல எறங்கற விமானம் கைக்கு எட்டற மாதிரி போச்சு. அந்தக் கோடியில பார், பாட்டில் எல்லாம் விளக்குல மின்னுது, அப்பா வழக்கம் போல அதுக்கு முதுகைக் காட்டிட்டார். படபடப்புல எனக்கு மத்தியானச் சோறும் எறங்கலை.

மழை, தேங்காய் விலை, தூரத்துச் சொந்தம்னு பழமை பேசிட்டு நல்லாத்தான் போயிட்டிருந்தது. பையனோட அம்மா வெடுக்குன்னு பேசற மனுசி. "ஏனுங்ண்ணா, பொண்ணு காங்கேயத்துல இருந்தே வேலை பாத்துக்கட்டும், வேண்டாம்னு நாங்க சொல்ல மாட்டோமுங்க"ன்னாங்க. அப்பாவும் தலையை ஆட்டினார். அந்நேரம் பக்கத்து மேசைக்கு ஒரு தட்டுப் போச்சு. என் கண்ணும் அது பின்னாலேயே போச்சு.

"பசிக்குதுங்களா?"ன்னு கேட்டார், எதுத்தாப்புல இருந்தவர்.

இத்தனை பேர் வந்து பாத்துட்டுப் போனாங்க. சமைக்கத் தெரியுமா, சம்பளம் என்ன, எல்லாம் கேட்டாங்க. பசிக்குதான்னு ஒருத்தர் கேக்கலை. யோசிக்காம, "ஆமாங்க"ன்னுட்டேன். அவர் உடனே ஆளைக் கூப்பிட்டு மெனுவுல கையை வெச்சுக் காட்டிட்டார்.

"காப்பி போதுங்க தம்பி"ன்னு அப்பா சொன்னார்.

"இருக்கட்டுங்க, ஒண்ணே ஒண்ணுதான்."

அப்பா முகம் மாறிப் போச்சு. அம்மா பக்கம் சாஞ்சு, பல்லைக் கடிச்சுட்டு, "பெரியவங்க உக்காந்திருக்கறோம், பேச்சு முடியலை, அவனாட்டத்துக்கு ஆர்டர் போடறான். நாளைக்கு நம்ம புள்ளையை எந்த லட்சணத்துல மதிப்பான்?"ன்னார். ரகசியம் பேசறதா அவருக்கு நெனப்பு. எனக்கு நல்லாக் கேட்டுச்சு. மதிச்சதாலதானுங்ப்பா கேட்டார்னு சொல்ல நாக்கு வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன்.

தட்டு வந்துச்சு பாருங்க! மரப்பலகை மேல இரும்புத் தட்டு, அதுல கோழித் துண்டு, குடைமொளகாய், வெங்காயம். புஸ்ஸுன்னு புகை. சிஸ்லராமா. நடு மேசையில வெச்சுட்டுப் போயிட்டாங்க. புகை நேரா அப்பா மூஞ்சிக்குப் போச்சு. ஒருத்தரும் கையை நீட்டலை. அவங்கம்மா மகனை மொறைக்கறாங்க, அவர் தலையைக் குனிஞ்சுட்டார். தட்டு மட்டும் சத்தம் போட்டுட்டே இருந்தது. அதுவும் கொஞ்சம் கொஞ்சமா அடங்கிருச்சு.

அப்பா துண்டை எடுத்துத் தோள்ல போட்டார். "சேரிங்க, பொழுதாச்சு. நாங்க கலந்து பேசிட்டு..."

என் கை போயிருச்சு. முள்ளுக்கரண்டியெல்லாம் தேடலை, கையிலயே ஒரு கோழித் துண்டை எடுத்து வாயில போட்டுட்டேன். ஐயோ, என்ன ருசி! காரம், கரி வாசம், வெண்ணெய். பொய் சொல்லக் கூடாது, அந்த முதல் வாய் பசிக்குத்தான்.

நிமிந்து பாத்தா எல்லாரும் என் வாயையே பாத்துட்டிருக்காங்க. அம்மா, "ஏ அம்மணி!"ன்னு தொடையைக் கிள்ளறாங்க. அப்பா சொல்ல வந்த சொல்லு பாதியில நிக்குது. ரெண்டாவது துண்டை எடுத்தேன். அது பசிக்கு இல்லை. அப்பா கண்ணைப் பாத்துட்டே, மெதுவா மென்னு தின்னேன்.

"ஏனுங்ண்ணா, பொண்ணு கை நனைச்சுபோட்டாளுங்களே!"ன்னு அவங்கம்மா சிரிச்சாங்க. அவங்க மகன் கையும் தட்டுப் பக்கம் வந்துச்சு. அவங்கம்மா பட்டுன்னு அந்தக் கையைத் தட்டி விட்டாங்க. "இருடா, அவங்கப்பா சொல்லட்டும்."

அப்பா நாற்காலியைத் தள்ளிட்டு எந்திரிச்சு, லிஃப்ட் இருக்கற பக்கமா நடந்து போயிட்டார். என் காரியத்தை நானே கெடுத்துக்கிட்டேன்னு நெனச்சேன். கண்ணு நெறைஞ்சு போச்சு. அம்மா என் மணிக்கட்டைப் புடிச்ச புடியை விடவே இல்லை. எதுத்தாப்புல இருந்தவர் மட்டும், "காரமா இருந்துச்சுங்களா?"ன்னு மெதுவாக் கேட்டார். இல்லைன்னு தலையை ஆட்டினேன்.

கொஞ்ச நேரத்துல அப்பா திரும்பி வந்தார். சட்டைக் கையை முழங்கை வரைக்கும் சுருட்டி விட்டிருந்தார். ரெண்டு கையிலயும் தண்ணி சொட்டிட்டிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து, தட்டைத் தொட்டுப் பாத்தார்.

"ஆறிப் போச்சுங்க மாப்ளே"ன்னார். "சூடா இன்னொண்ணு சொல்லுங்க."