ஆறாவது கடையின் இறால்

லோகநாயகிக்கு வாயில் போட்டதைத் துப்பத் தெரியாது. நல்ல பழக்கமா கெட்ட பழக்கமா என்று கேட்டால், இருபத்திரண்டு வருஷமாகச் சம்பளம் வாங்கிப் பழகிய பழக்கம், அவ்வளவுதான். இலஞ்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் சத்துணவு அமைப்பாளர். பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் சோறும் சாம்பாரும் முட்டையும் முதலில் அவள் வாய்க்குப் போக வேண்டும். தட்டும் கையுமாக வரிசையில் நிற்கிற அத்தனை பிள்ளைகளும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அவள் ஒரு தரம் முகம் சுளித்தால் தீர்ந்தது, அன்றைக்குப் பாதிப் பிள்ளைகள் சாப்பிடாது. அதனால் எது உள்ளே போனாலும் முகத்தில் ஒரு கோடு விழாமல் விழுங்கிவிடுவாள். விழுங்கிவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பித் தலையாட்டினால் அண்டாவைத் தூக்கலாம். "கொட்டு" என்றால் கொட்டிவிட வேண்டும். ஏன், எதற்கு என்ற பேச்சே கிடையாது.

ஒருநாள் பருப்பில் மண்ணெண்ணெய் வாடை. வேறு யாருக்கும் தெரியவில்லை. தலைமையாசிரியர் இரண்டு கரண்டி தின்று பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லையே டீச்சர், நீங்களா நெனச்சுக்கிடுதீய" என்றார். லோகநாயகி அவரோடு வாதாடவில்லை. கொட்டச் சொல்லிவிட்டாள். பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் பிந்தி உப்புமா கிடைத்தது. மறுநாள் பருப்பு மூட்டைக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய் கேன் கசிந்து கிடந்ததைக் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து அந்த நாக்குக்கு ஊரில் தனி மரியாதை. கல்யாண வீட்டுப் பந்தியில் அவள் உட்கார்ந்தால் சமையல்கார தவசுப்பிள்ளை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பார். அவள் வீட்டுக்காரர் விஸ்வநாதனுக்கு மட்டும் அதில் ஒரு பெருமையும் இல்லை. "ஒங்கூட ஓட்டல்ல உக்காந்து நிம்மதியா ஒரு காப்பி குடிக்க முடியுதா?" என்பார்.

அப்பேர்ப்பட்டவளை, இந்த ஆடிச் சாரலில், ஒரு தெரு முழுக்கத் தின்ன வைக்கக் கூட்டிக்கொண்டு போனாள் ஷெர்லின்.

ஷெர்லின், சங்கரேஸ்வரி, லோகநாயகி மூவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டு. ஷெர்லினுக்குத் தென்காசியில் ஜெராக்ஸ் கடை. சங்கரேஸ்வரி இன்சூரன்ஸ் ஏஜென்ட். எதைக் கொடுத்தாலும் தின்பாள், எவரிடமும் சிரிப்பாள். வருஷா வருஷம் சாரல் விழுந்ததும் ஒரு சனிக்கிழமை அருவியில் குளித்துவிட்டு, புளியறை ரோட்டில் புரோட்டாவும் கோழியும் தின்றுவிட்டு வீடு திரும்புவது அவர்கள் வழக்கம். இந்த வருஷம் ஷெர்லின் ஆட்டோவை ஐந்தருவி ரோட்டுக்குத் திருப்பச் சொன்னாள். அங்கே ஒரு சந்தில் புதிதாக ஆறு கடை. சந்தின் வாசலில் தகர வளைவு வைத்து 'ஏசியன் ஸ்ட்ரீட்' என்று எழுதி, சிவப்புக் காகித விளக்குகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். சாரலில் நனைந்து சாயம் ஒழுகி, கீழே நிற்கிறவர்கள் தலையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"கடைசிக் கடை எம் பயலுது" என்றாள் ஷெர்லின். "தொறந்து மூணு நாளாச்சு. இன்னைக்கு நாலு மணிக்கு மொத பெரிய ஆர்டர். டூர் வந்த பிள்ளையள் நாப்பது பேரு. இதுவும் சரியா வரலைன்னா திரும்ப மலேசியாவுக்கே போயிருவேன்னு சொல்லுதான். இந்தத் தடவை போனா வரமாட்டான்ட்டி."

ஷெர்லினுக்கு ஜோஷ்வா ஒரே பிள்ளை. புருஷன் செத்து எட்டு வருஷம். மகன் மலேசியாவில் ஓட்டல் வேலை பார்த்த நாலு வருஷமும் அவள் ஜெராக்ஸ் மிஷினோடு பேசிக்கொண்டிருந்தாள் என்று சங்கரேஸ்வரி கேலி செய்வாள். கேலியில் பாதி நிஜம். லோகநாயகி ஷெர்லினின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வரும்லா. ஏன் கெடந்து பதறுத?"

"நேரம் இருக்குல்லா, மத்த கடையளையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போவோம்" என்றாள் ஷெர்லின்.

முதல் கடை சீனாக்கடை. காலிஃபிளவரை எண்ணெயில் போட்டெடுத்துச் சிவப்புச் சாந்தில் புரட்டிக் கொடுத்தான். லோகநாயகி எண்ணெயைத்தான் முதலில் பார்த்தாள். தார் நிறத்தில், ஓரமெல்லாம் நுரை கட்டி, எத்தனை நாளைய எண்ணெயோ தெரியாது. வாயில் வைத்தால் நாக்கில் மெழுகு மாதிரிப் படிந்தது. விரலில் ஒட்டிய சிவப்பைத் துடைத்தாள், போகவில்லை. "இத நான் பள்ளிக்கூடத்துல போட்டா ஜெயிலுதான்" என்று முணுமுணுத்தபடி விழுங்கினாள்.

இரண்டாவது கடையில் மோமோ. மேல்மாவு வேகவே இல்லை. அதைச் சொன்னதும் கடைக்காரன் கழுத்து வேர்வையைத் துடைத்த துண்டாலேயே இட்லிக் கொப்பரை மூடியைப் பிடித்துத் திறந்து, "இன்னொரு தட்டு தரட்டா அக்கா?" என்றான். வேண்டாம் என்பதற்குள் சங்கரேஸ்வரி வாங்கிவிட்டாள். உள்ளே முட்டைக்கோஸ் புளித்த வாடை. அதையும் விழுங்கினாள்.

மூன்றாவது கொரியாக் கடை. பலசரக்குக் கடையில் விற்கிற பாக்கெட் நூடுல்ஸை வேகவைத்து, மேலே ஒரு சீஸ் துண்டைப் போட்டிருந்தார்கள். அது உருகி, சளி மாதிரி நூல் நூலாக இழுத்தது. தொட்டுக்கொள்ள மிளகாய்ப்பொடி போட்ட கோஸ். அதற்கு ஒரு பெயர் சொன்னான். பெயரில் என்ன இருக்கிறது, ஊசினது ஊசினதுதான். பக்கத்து மேஜையில் இரண்டு பெண்பிள்ளைகள் அதைப் படம் எடுத்துவிட்டு ஒரு வாய் மட்டும் தின்று மீதியைத் தள்ளி வைத்தார்கள். பிழைக்கத் தெரிந்த பிள்ளைகள்.

நான்காவதில் ஜப்பான் சோற்று உருண்டை. கருப்புக் கடற்பாசித்தாள் சுற்றியது. வாய்க்குள் அது பிளாஸ்டிக் பை மாதிரி ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. சோற்றை மென்றதும் லோகநாயகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இட்லி அரிசியைக் கொழைய வடிச்சு வச்சிருக்கான்ட்டி. அதுவும் காலைச் சோறு." ஐந்தாவதில் ஆறின டீக்குள் ஜவ்வரிசி உருண்டைகளைப் போட்டுப் பெரிய குழாயால் உறிஞ்சச் சொன்னார்கள். வழவழவென்று ஒவ்வொன்றும் தொண்டைக்குள் தானாக இறங்கியது. அருவருப்பில் அவளுக்குக் கைமயிர் நட்டுக்கொண்டது.

"எனக்கு எல்லாமே கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு" என்றாள் சங்கரேஸ்வரி. ஷெர்லின் எல்லாக் கடையிலும் நன்றாகத் தின்றாள். அடிக்கடி செல்போனில் மணி பார்த்தாள்.

ஆறாவது கடை பார்க்கத் துப்புரவாக இருந்தது. துடைத்த மேஜை, வெளுத்த துணி, மேஜைக்கு மேஜை துளசிக் கிளை. டூர் வந்த பிள்ளைகள் சீருடையில் கிண்ணங்களை முன்னால் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அடுப்படி வாசலில் நின்ற ஆளைப் பார்த்ததும் லோகநாயகிக்கு முகம் மலர்ந்தது. குழல்வாய்மொழி. பள்ளியில் அவளோடு பத்தொன்பது வருஷம் சமையல் வேலை பார்த்துப் போன வருஷம் ஓய்வு பெற்றவள்.

"டீச்சர், இங்கனதான் இருக்கேன் இப்பம்" என்று குழல்வாய்மொழி தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள்.

ஜோஷ்வா வந்தான். முழங்கை வரை மடித்த சட்டை, தூக்கம் இல்லாத கண். இவனும் அந்தப் பள்ளியில் அவள் தின்று பார்த்துப் போட்ட சோற்றைத் தின்று வளர்ந்த பிள்ளைதான். "சித்தி, நீங்க ஒரு வாய் சாப்பிட்டதும் பிள்ளையளுக்கு வெளம்பிருவோம்" என்று ஒரு கிண்ணத்தை வைத்தான். தேங்காய்ப்பாலில் மிதக்கிற நூடுல்ஸ், மேலே இறால். மலேசியாவில் லக்சா என்பார்களாம். சங்கரேஸ்வரிக்கும் ஒரு கிண்ணம் வந்தது. "எனக்கு வேண்டாம்லே, வயிறு ஃபுல்லு" என்றாள் ஷெர்லின்.

குழம்பு நன்றாக இருந்தது. பொய் சொல்லக்கூடாது, அந்தத் தெருவிலேயே சமைக்கத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். எலுமிச்சம்புல் மணமும் தேங்காய்ப்பாலும் சரியாகக் கூடியிருந்தன. லோகநாயகிக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு இறாலைக் கடித்தாள்.

கடிபடவில்லை. மாவாய்க் கரைந்தது. கரைந்ததும் தொண்டைக்குப் பின்னாலிருந்து மூக்குக்கு ஒரு வாடை ஏறியது. கழுவாத மூத்திரப்புரையின் வாடை. இவ்வளவு நேரம் தின்ற ஐந்து கடைக் கண்றாவியும் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கண்ணில் நீர் முட்டிற்று. முகத்தை அசையவிடாமல் விழுங்கினாள். நிமிர்ந்தபோது எதிரில் ஷெர்லின் முகம். பரீட்சை நம்பர் பார்க்க வந்த பிள்ளை மாதிரி இரண்டு கையையும் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எப்படிட்டி இருக்கு?"

லோகநாயகி தலையாட்டினாள். ஷெர்லினுக்காக, அந்த முகத்துக்காக ஆட்டினாள். அடுப்படியில் யார் நிற்கிறார்கள் என்று அந்த நொடி நினைக்கவில்லை.

குழல்வாய்மொழி பார்த்துவிட்டாள். பத்தொன்பது வருஷம் அந்தத் தலையை மட்டுமே பார்த்து அண்டா தூக்கிய கை. முதலாளி சொல்லட்டும் என்று அது காத்திருக்கவில்லை. இரண்டு துணியை மடித்துப் பிடித்து அண்டாவைத் தூக்கினாள், நேரே பிள்ளைகளின் மேஜைக்குக் கொண்டுபோனாள், ரெட்டைச்சடை போட்ட ஒரு பிள்ளையின் கிண்ணத்தில் முதல் கரண்டியை ஊற்றினாள். அந்தப் பிள்ளை கரண்டியில் ஒரு இறாலை எடுத்து ஊதியது.

"கொட்டு" என்றாள் லோகநாயகி.

சத்தமாகச் சொல்லவில்லை. பள்ளியில் சொல்லுகிற அதே குரலில்தான் சொன்னாள். குழல்வாய்மொழி பிள்ளையின் கையிலிருந்து கரண்டியை வாங்கினாள். கிண்ணத்தை அண்டாவிலேயே கவிழ்த்தாள். ஜோஷ்வாவை ஏறெடுத்தும் பார்க்காமல் அண்டாவைப் பின்கட்டுக்குத் தூக்கிப்போய்ச் சாக்கடையில் சாய்த்தாள். சாய்த்த சத்தம் கடை முழுக்கக் கேட்டது. சங்கரேஸ்வரி தன் கிண்ணத்தை மெல்லத் தள்ளி வைத்தாள். அவள் அதற்குள் முக்கால் கிண்ணம் தின்றிருந்தாள்.

கூட வந்த ஆசிரியை எழுந்து வந்து, "என்ன ஆச்சு?" என்று கேட்டாள். "இறால் கெட்டுப்போச்சும்மா, பிள்ளையள வேற எங்கனயாவது கூட்டிட்டுப் போங்க" என்று லோகநாயகிதான் சொல்ல வேண்டியிருந்தது. நாற்பது நாற்காலியும் ஒன்றாகக் கிரீச்சிட்டன. ஐந்து நிமிஷத்தில் கடை காலி.

"முந்தாநாளு ராத்திரியே ஃப்ரிட்ஜ் நின்னுட்டு சித்தி" என்றான் ஜோஷ்வா. "நேத்துத்தான் பாத்தேன். மசாலாப் பொடியக் கூடுதலாப் போட்டா வாடை தெரியாதுன்னு..." சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

தெரிந்தேதான் வைத்திருக்கிறான். லோகநாயகிக்கு அவனை அடிக்கக் கை வந்தது. அடிக்கவில்லை. எழுந்து வெளியே வந்தாள். சந்தின் ஓரத்தில் ஒரு குழாயடி. குனிந்து வாய் கொப்பளித்தாள். பின்னால் ஷெர்லின் வந்து நின்றாள்.

"ஒனக்கும் தெரியுமா?" என்று திரும்பாமலே கேட்டாள் லோகநாயகி. "அஞ்சு கடையிலயும் தின்னே. ஒம் பயகிட்ட வந்ததும் வயிறு ஃபுல்லாயிட்டு."

ஷெர்லின் மறைக்கவில்லை. "காலைல சொன்னான். கொட்டிருலேன்னுதான் நானும் சொன்னேன். கொட்டிட்டு நாப்பது பேருக்கு என்னத்தம்மா வைக்கன்னு கேக்கான். அப்பந்தான் ஒன் நெனப்பு வந்துச்சு."

"நான் கண்டுபிடிக்கமாட்டேன்னு நெனச்சியா? அதுக்குத்தான் தெருத்தெருவா தின்ன வச்சு நாக்கை மரத்துப்போவ வச்சியோ?"

"இல்லட்டி. நீ கண்டுபிடிச்சிருவேன்னு தெரியும். அந்தக் கடையளெல்லாம் நேரம் போக்கத்தான் போனது." ஷெர்லின் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "கண்டுபிடிச்சாலும் எனக்காகச் சொல்லமாட்டேன்னு நெனச்சேன். நீயே தின்னுட்டுச் சும்மா இருந்துட்டேன்னா பெரிசா ஒண்ணும் ஆவாதுன்னு எனக்கும் ஒரு தைரியம் வரும்லா."

சவத்து மூதி என்று லோகநாயகிக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஏசித் தீர்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் ஷெர்லின் நினைத்ததில் என்ன தப்பு? அவள் நினைத்தபடிதானே நடந்தது? தலையாட்டினவள் லோகநாயகிதானே? அடுப்படியில் குழல்வாய்மொழிக்குப் பதில் வேறு யாராவது நின்றிருந்தால், பத்து நிமிஷம் கழித்துச் சாவகாசமாக விளம்பியிருப்பார்கள். அதற்குள் மூன்று பேரும் ஆட்டோவில் ஏறி இலஞ்சி தாண்டியிருப்பார்கள். இறங்கி நடந்து திரும்பி வந்து சொல்லியிருப்பாளா? சத்தியமாக அவளுக்குத் தெரியவில்லை.

"நீ போயிருட்டி" என்றாள். ஷெர்லின் போகவில்லை.

லோகநாயகி மறுபடியும் கையில் தண்ணீர் பிடித்தாள். இறால் வாடை மூன்றாவது கொப்பளிப்பிலேயே போய்விட்டிருந்தது. அவள் இன்னும் கொப்பளித்துக்கொண்டிருந்தாள்.