அறிவுச்செல்வனின் முகங்கள் உளுந்தூர்பேட்டை தாண்டிய வரலாறு

கள்ளக்குறிச்சியில் நவீன ஓவியம் தோன்றி வளர்ந்த வரலாற்றை எழுதப் புகுவோருக்கு வேலை சுலபம். அது தோன்றியது அறிவுச்செல்வன் வீட்டு மாடியில். வளர்ந்ததும் அங்கேதான். வெளியே போக அதற்கு வேறு இடம் கிடைக்கவில்லை.

அறிவுச்செல்வன் உயர்நிலைப் பள்ளியில் டிராயிங் மாஸ்டர். பகலில் பிள்ளைகளுக்கு மாம்பழமும் மண்பானையும் வரையச் சொல்லிக்கொடுப்பார். மாலையில் மாடியேறி மனித முகம் வரைவார். நீங்களும் நானும் வைத்திருக்கிற மாதிரி முகமல்ல. கண்கள் காதுவரை போகும். பல்வரிசை வாய்க்கு வெளியே வந்து காற்று வாங்கும். ஒரு கன்னம் சிவப்பு, மறு கன்னம் கறுப்பு. அந்தச் சிவப்புக்காகக் கல்வராயன் மலைக்கு பஸ் ஏறி, வெள்ளிமலைப் பக்கத்து மண்ணை டிபன் கேரியரில் அள்ளி வருவார். கறுப்பு, கடுக்காயைக் காய்ச்சித் துருப்பிடித்த ஆணியை ஊறப்போட்டு எடுப்பது. கடைச் சாயத்தைக் கையால் தொடமாட்டார். இந்த மண்ணின் முகத்தை இந்த மண்ணாலேயே வரைய வேண்டும் என்பது கொள்கை. கொள்கையில் ஒரே ஒரு குறைதான். மேலே தண்ணீர் பட்டால் முகம் மறுபடி மண்ணாகிவிடும்.

முதல் கண்காட்சியை ஆடி மாதத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் வைத்தார். ஆடியில் யாருக்கும் கல்யாணம் இல்லாததால் மண்டபம் கலைக்குக் கிடைத்தது. ஆடியில் என்ன விசேஷம் என்று எட்டிப் பார்த்தவர்கள், பந்தி இல்லை என்று தெரிந்ததும் போய்விட்டார்கள். ஒருவர் மட்டும் நின்றார். ரிஷிவந்தியத்து விவசாயி தெய்வசிகாமணி. ஒவ்வொரு படத்தையும் நின்று பார்த்தார். மாஸ்டர் ஒரு எட்டு பின்னால் கூடவே நடந்தார்.

"மாஸ்டர், இத்த எனக்குக் குடுங்க. வூடு கட்டிக்கினு இருக்கேன். எதுத்த வூட்டுக்காரன் கண்ணு சரியில்ல."

"இது திருஷ்டிப் படம் இல்லீங்க. மனுஷனோட அகமுகம்."

"அகமோ புறமோ, கண்ணு நல்லா பெருசா இருக்குது. அது போதும்."

அன்று முதல் சுற்றுவட்டாரத்தில் யார் வீடு கட்டினாலும், கத்தரித் தோட்டம் போட்டாலும், மாஸ்டர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மாஸ்டர் சபதம் செய்தார்: தான் வரைந்த முகம் ஒன்றுகூடத் திருஷ்டிக்குத் தொங்காது.

"தொங்கினாதான் இன்னா?" என்றார் மனைவி கோகிலவாணி. "இப்ப மாடில செவுத்தப் பாத்துக்கினு கெடக்குது. அங்கயாவது நாலு பேரு பாப்பாங்க."

கலை வரலாற்றில் மனைவிமார் சொன்னவை பதிவாவதில்லை.

பல வருஷம் கழித்து, சென்னையில் ஒரு காட்சிக்கூடம் அவருக்கு இடம் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. வந்து சேராவிட்டால் அந்தச் சுவர் வேறொருவருக்குப் போய்விடும் என்றும் சொல்லிவிட்டார்கள். அந்தச் சுவருக்காகவே உயிர் வாழ்ந்தவர் மாஸ்டர். முகங்களை வெள்ளை வேட்டியில் சுற்றிக் கட்டி, மலையிலிருந்து கடுக்காய் ஏற்றிப் போகும் நாராயணசாமியின் புது லாரியில் ஏற்றினார். தானும் ஏறினார்.

அது எண்பத்தேழு செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டு வடமாவட்டங்களில் ஒரு வாரச் சாலை மறியல் என்று பத்திரிகைகளில் வந்திருந்தது. மாஸ்டரும் படித்தார். மறியல் பஸ்ஸுக்கும் லாரிக்கும்தான், கலைக்கு அல்ல என்று பொருள் கொண்டார். கலை போய்க்கொண்டிருந்ததே லாரியில்தான் என்பது உளுந்தூர்பேட்டை தாண்டி, ரோட்டுக்குக் குறுக்கே ஒரு புளியமரம் படுத்திருப்பதைக் கண்டபோதுதான் உறைத்தது. அதற்குப் பின்னால் இன்னொரு புளியமரம். அதற்கும் பின்னால் கண்ணுக்கு எட்டியவரை புளியமரங்கள்.

அந்த வாரம் வேறு இடங்களில் நடந்தவற்றில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. இங்கே சொல்வது இந்த ஒரு புளியமரத்தடியில் நடந்தது மட்டும்.

மறியலுக்குத் தலைமை சின்னராசு. பி.ஏ. முடித்து, வேலைக்கு எழுதிப் போட்டுப் போட்டுக் கை சலித்தவன். லாரியில் ஏறிப் பார்த்தான்.

"மூட்டையில இன்னா?"

"கடுக்கா," என்றார் நாராயணசாமி.

"அது இன்னா, வேட்டியில சுத்தி?"

"ஓவியம்," என்றார் மாஸ்டர், தலை நிமிர்ந்து.

சின்னராசு வேட்டியை விலக்கினான். "யப்பா!" என்று ஒரு எட்டு பின்னால் தாவினான். பிறகு மற்றதையெல்லாம் புரட்டிப் பார்த்தான். "இத்தினி திருஷ்டிப் படமா? எந்த ஊருல இத்தினி வூடு கட்றாங்க?"

மாஸ்டர் அகமுகத்தை விளக்கினார். சின்னராசு பொறுமையாகக் கேட்டான். "சார், நீங்க ஞாயித்துக்கெழம போவணும்னா, எங்களுக்கு சனிக்கெழமையே ஒதுக்கீட்டக் குடுத்துடணும். நீங்களே மெட்ராஸுல சொல்லிப் பாருங்க."

மறுநாள் காலையில் முன்னால் நின்ற லாரியின் கண்ணாடி உடைந்திருந்தது. எறிந்தது யார் என்று தெரியவில்லை. நாராயணசாமி தன் வண்டிக் கண்ணாடியைத் துண்டால் துடைத்துப் பார்த்தார். வண்டிக்கு அதுதான் முதல் நடை.

"மாஸ்டர், ஒரே ஒரு மூஞ்சி குடுங்க. முன்னால கட்டிக்கிறேன். எல்லார் கண்ணும் எம் புது வண்டி மேலதான் இருக்குது."

"நாராயணசாமி, உயிரே போனாலும் அது நடக்காது."

"உங்க உயிரு போனா போவட்டுங்க. கண்ணாடி போனா நான் எங்க போவேன்?"

மாஸ்டர் சென்னைக்குப் போன் செய்து நிலைமையைச் சொல்லலாம் என்று உளுந்தூர்பேட்டைக்கு நடந்தார். போன் இருந்த கடைகளெல்லாம் பூட்டிக் கிடந்தன. திறந்திருந்த ஒன்றில் லைன் செத்திருந்தது. சுவர் கைவிட்டுப் போனது போலவே அவருக்குத் தோன்றியது. உச்சி வெயிலில் திரும்பி வந்தார்.

வந்தவர் நடுரோட்டில் அப்படியே நின்றார்.

வரிசையாக நின்ற லாரிகளின் நெற்றியில் எல்லாம் அவருடைய முகங்கள். ஒன்று கரும்பு லாரியில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. ஒன்று எண்ணெய் டேங்கரில். மறியல்காரர்கள் சோறாக்கத் தார்ப்பாய் கட்டிப் போட்டிருந்த பந்தலின் முகப்பில் ஒன்று.

"நாராயணசாமீ!"

"கத்தாதீங்க மாஸ்டர். நான் ஒண்ணுதான் எடுத்தேன். மத்த டிரைவருங்க பாத்துட்டானுங்க. எனக்கு மட்டும் கட்டிக்கினா, அவனுங்க கண்ணு எம்மேல படாதா?"

"பந்தலுக்கு எதுக்குக் கட்டினீங்க?"

"அது நான் கேட்டது," என்றான் சின்னராசு. "போராட்டத்து மேல எத்தினி பேரு கண்ணு இருக்குது, தெரியுமா உங்களுக்கு?"

மாஸ்டர் ஒவ்வொன்றாகக் கழற்றிவிடுவது என்று முதல் லாரியின் பம்பர் மேல் ஏறினார். அங்கே ஏறி நின்றபோதுதான் மேற்கே பார்த்தார். கல்வராயன் பக்கம் வானம் அவருடைய கறுப்பையே பூசிக்கொண்டு நின்றது. இடி கேட்டது. முதல் காற்றில் ஈரம் இருந்தது.

அப்போது அவர் எழுப்பிய குரல் ஓவியர்களிடமிருந்து வருவதல்ல. பிள்ளை கிணற்றுப் பக்கம் தவழ்ந்து போவதைப் பார்த்தவர்களிடமிருந்து வருவது.

"மண்ணுங்க! எல்லாம் மண்ணு! ஒரு சொட்டு பட்டாலும் கரைஞ்சிடும்!"

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பந்தலில் பருப்பு கடைந்துகொண்டிருந்த அமிர்தத்துக்குத்தான் முதலில் புரிந்தது. அவர் மத்தை வைத்துவிட்டு வெளியே வந்து சத்தம் போட்டார்.

"டேய் சின்னராசு! பாத்துக்கினு நிக்கிறியே, மூஞ்சிங்களக் கொண்டாங்கடா உள்ள! கரைஞ்சிபோன திருஷ்டி வூட்டுக்கு ஆவாது!"

இது போதுமானதாக இருந்தது. மறித்தவர்களும் மறிக்கப்பட்டவர்களும் ஒரே திசையில் ஓடினார்கள். பம்பரில் ஏறினார்கள், கயிற்றை அறுத்தார்கள், முகங்களைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு திரும்பி ஓடினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால், கோரமான பெரிய தலையுள்ள ஒரு கூட்டம் பந்தலை நோக்கிப் பாய்வது போல் இருந்திருக்கும். "அரிசி நனையுது!" என்று ஒருவன் கத்தினான். "அரிசி எப்படியும் நனையத்தான் போவுது, மூஞ்சியப் புடிடா!" என்றான் சின்னராசு. டேங்கரில் இருந்த கடைசி முகத்தை அவனே சட்டைக்குள் பாதி செருகிக்கொண்டு வந்தான். அவன் தார்ப்பாய்க்குள் நுழையவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது.

பிறகு வெகுநேரம் மழை விடவில்லை. தார்ப்பாயின் அடியில் டிரைவர்கள், மறியல் பையன்கள், பஸ்ஸை விட்டு இறங்கியவர்கள் எல்லாரும் இடித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் முகங்கள். திரும்பக்கூட இடமில்லை. பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லை. இப்படியொரு பார்வையாளர் கூட்டம், பார்த்தே தீர வேண்டிய கட்டாயத்தோடு, எந்தக் காட்சிக்கூடத்துக்கும் கிடைத்ததில்லை.

"இது எங்க மாமியா மாதிரியே இருக்குது."

"உங்க மாமியாருக்கு இவ்ளோ பல்லு கெடயாதுடா."

"பல்லு இல்ல, பாக்கற பார்வ. சம்பளம் வாங்கிக்கினு போனா இப்பிடித்தான் பாக்கும்."

"மாஸ்டர், இது கோவமா, பயமா?" என்று கேட்டான் சின்னராசு. அவன் கையிலிருந்த முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பியிருந்தான்.

பதினைந்து பக்கத்துக்குப் பேசக்கூடிய மாஸ்டர், "எனக்கும் தெரியலப்பா," என்றார். "நீ இன்னா நெனைக்கிற?"

"இன்டர்வியூவுக்கு வெளிய பெஞ்சில உக்காந்திருக்கறவன் மூஞ்சி," என்றான் சின்னராசு. கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மழை விட்டது. மாஸ்டர் ஒவ்வொரு முகத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தார். ஒரு கன்னமும் கரையவில்லை. ஒன்றில் மட்டும் பருப்பு தெறித்திருந்தது. அமிர்தம் அதை முந்தானையால் துடைக்க வந்தபோது, "வேணாம்மா, தொடாதீங்க, இருக்கட்டும்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்து, போயிற்று. மாஸ்டர் அன்று முகங்களை மறுபடி வேட்டியில் சுற்றிக் கட்டினார். மறியல் முடிந்து மரங்கள் ஒதுக்கப்பட்டபோது, இனிப் போய் என்ன என்று கேட்டார். கடுக்காய் போகத்தானே வேண்டும் என்றார் நாராயணசாமி. போனார்கள்.

காட்சிக்கூடத்தின் நிர்வாகி அரங்கநாதன் வாசலிலேயே எதிர்கொண்டார். மாஸ்டர் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார்.

"நல்ல வேளை வந்தீங்க சார்! திறப்பு விழாவுக்குத் தலைமை தாங்க வர இருந்தவர் திண்டிவனத்துலயே மாட்டிக்கிட்டார். உங்களுக்குச் சொல்லலாம்னா லைனே கிடைக்கல. விழாவ அடுத்த ஞாயிறுக்கு மாத்திட்டோம். சுவரு உங்களுக்குத்தான், அப்படியே காலியா இருக்கு."

மாஸ்டர் உள்ளே போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்தார். ஒரு வாரமாகக் கழற்றாத செருப்பைக் கழற்றி, காலை நீட்டினார். வழியில் உட்காரக் கூடாது என்று வாட்ச்மேன் அதட்டினார். மாஸ்டர் அவரைப் பார்த்து, "உக்காருங்களேன், நீங்களும்," என்றார்.