ஒருத்தன் இன்னும் ஏறலை

தங்கத்தாயின் வீட்டுக்காரர் சுடலைக்கண்ணு, தென்காசியில் போலீஸ் ஏட்டு. சீசன் மாதங்களில் குற்றாலம் பேரருவியில் காவல். வெள்ளம் வருமுன் தண்ணீர் நிறம் மாறுவதை எல்லாருக்கும் முன்னால் கண்டு, விசிலடித்துக் கூட்டத்தைக் கரையேற்றிவிடுவார் என்று பேர்.

1979 ஆடியில் வெயில் காய்ந்த ஒரு மத்தியானம், மெலிந்து விழுந்த தண்ணீரைப் பார்த்து விசிலடித்து எல்லாரையும் விரட்டினார். கூட்டம் சிரித்தது. அடுத்த மாதம் தன் தெருவுக்கே வழி கேட்டு நின்றார். வயது நாற்பத்தேழு.

அருவியில் செத்தவன் எவனோ பிடித்துக்கொண்டான் என்றார்கள். தங்கத்தாய் கயிறு மந்திரித்துக் கட்டினாள், கோழி அறுத்தாள். கடைசியில் பாளையங்கோட்டை டாக்டர் சொன்னார்: "மூளை சுருங்குதும்மா. வயசானவங்களுக்கு வர்ற மறதி, இவருக்கு முன்கூட்டியே வந்துட்டு. மருந்து கிடையாது. கூடவே இருங்க."

வேலை போயிற்று. தங்கத்தாய் வீட்டில் பீடி சுற்றினாள்; தட்டு மடியில், கண் அவர்மேல். சாயங்காலமானால் எழுந்துவிடுவார்.

"ஒருத்தன் இன்னும் ஏறலட்டி. தண்ணிக்குள்ளதான் கிடக்கான்."

கதவை மறித்தபோது அடித்தார். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் முதல் அடி.

பிறகு அவளே பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாள். அவர் அருவியையே வெறித்து நிற்பார். "அவன் ஏறிட்டான். செங்கோட்டை பஸ்ஸுல போனதை நான் பாத்தேன்" என்பாள். முகம் தெளியும். மறுநாள் மறுபடியும் கிளம்புவார்.

அவரோடு வேலை பார்த்த வேல்சாமியிடம் கேட்டாள்: "அண்ணாச்சி, இவரு காவல்ல யாரும் செத்தாங்களா?"

"ஒரு உசுரு போகலை தாயி."

அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. இல்லாத ஒருவனை எங்கே போய்த் தேடுவது? போகப்போக அவளுக்கும் விழுகிற தண்ணீருக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்பதுபோல் தெரிந்தது.

1984இல் ஒரு சாரல் நாள். திடீரென்று அவள் பக்கம் திரும்பினார்.

"யாரும்மா நீ? யாரைத் தேடுதே?"

தினமும் பொய் சொல்லிப் பழகிய வாய்க்கு அன்று பொய் வரவில்லை.

"என் வீட்டுக்காரரை."

"அடையாளம் சொல்லு."

"உயரமா இருப்பாரு. இடது புருவத்துல தழும்பு. பேரு சுடலைக்கண்ணு."

சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். இல்லை. "அழாதே. நான் இங்கனதான் நிக்கேன். பாத்தா அனுப்பி வைக்கேன்."

அதற்குப் பிறகு அவரைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போக அவளுக்கு மனம் வரவில்லை. கொஞ்ச நாளில் அவரும் படுக்கையில் விழுந்தார். ஊட்டினாள், துடைத்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் அவர், "யாரு பெத்த பிள்ளையோ" என்று கையெடுத்துக் கும்பிட்டார். பங்குனியில் ஒரு காலை, கஞ்சி குடித்த சற்று நேரத்தில் உயிர் அடங்கியது.

பதினாறு முடிந்தபின் பக்கத்து வீட்டு ஷமீம் பானு கேட்டாள்: "கடைசி வரைக்கும் உங்களைத் தெரியலையாக்கா?"

"தெரியலை" என்றாள் தங்கத்தாய். "அடிச்சதைக்கூட மறந்துட்டேன் பானு. அந்தக் கும்பிடுதான் என்னைத் தூங்கவிட மாட்டேங்கு."